குயவர் தெருவின் எல்லை

புயலில் கடல் புகுந்து முத்தலைப் பட்டினம் மண்மேடானது. ஊரை மறுபடி கட்ட அரசர் வரைபடம் கேட்டார். அரண்மனை வரைபடக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவருக்கு அளவுகோல் தூக்கும் காத்தாயியே படம் வரைந்தாள்.

தளவாய் விசயரங்கர் வந்து நின்றார்.

"குயவர் தெரு முழுக்க என் தோட்டம். அப்படியே போடு. இல்லேன்னா கை இருக்காது."

காத்தாயியின் வீடு இருந்ததும் அந்தத் தெருவில்தான்.

"கிணறு வரைக்கும் போதுமா சாமி, கோயில் வரைக்கும் இழுக்கட்டுமா?"

"இழு."

மறுநாள் சபையில் படத்தை விரித்தார்கள்.

"இவ்வளவும் உம்முடையதா?" என்றார் அரசர், தளவாயைப் பார்த்து.

"பரம்பரைச் சொத்து, மகாராஜா."

காத்தாயி கும்பிட்டாள். "மகாராஜா, குயவர் தெருவுல வெள்ளம் அடிச்சிட்டு வந்த எருமைங்க செத்து ஊதிக் கெடக்கு. எவர் மண்ணுல ஒதுங்குதோ அவரே தன் கையால புதைக்கணும்கிறது ஊர் வழக்கம். தளவாய் எப்ப வர்றாருன்னு எல்லாரும் காத்திருக்காங்க."

"வழக்கம்தானே, போய் வாரும்" என்றார் அரசர்.

தளவாய் படத்தை உற்றுப் பார்த்தார். "யாரோ தப்பாக வரைந்திருக்கிறார்கள். என் தோட்டம் என் வீட்டு மதிலோடு முடிகிறது."

"அப்படியானால் திருத்து" என்றார் அரசர்.

"வேண்டியதில்லை மகாராஜா, அந்தப் படமும் கையோட இருக்கு" என்று காத்தாயி இன்னொன்றை விரித்தாள்.

அன்று முழுக்கக் குயவர் தெருக்காரர்கள் தங்கள் மண்ணில் எருமை புதைத்தார்கள்.