ஆமாம் போடும் வெர்னியர்

புஷ் என்னும் இரும்பு உருளைகள் நாற்பதையும் பம்பு கம்பெனி அதே சாக்கில் திருப்பி அனுப்பிவிட்டது. சாக்கின் வாயில் ஓர் அட்டை கட்டியிருந்தது. வெளி அளவு கூடுதல், நாளை மதியத்துக்குள் சரியான நாற்பது வராவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள்.

திருமூர்த்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சாலை மூடியதும் ஐம்பது வயதுக்கு மேல் லேத் பழக வந்தவர் அவர். முதல் உருளையிலிருந்து கடைசி உருளை வரை தன் கையாலேயே கடைந்து அனுப்பிய முதல் வேலை இது.

"அளவு பாக்கற பையனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கல. அவன் சொல்றான், என் வேலை தப்புன்னு."

மேஸ்திரி வசந்தாமணி மெஷினை நிறுத்தினார். திருமூர்த்தியைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனால் திருமூர்த்திக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை மேஸ்திரி என்பார்.

"எவ்வளவு கூடுதலாம்ணா?"

"பாயிண்ட் ஜீரோ அஞ்சு. தலைமுடி அளவுகூட இல்ல. என் வெர்னியர்ல நாற்பதையும் பாத்துத்தான் அனுப்பினேன். எல்லாம் சரியா இருபத்தஞ்சு மில்லிமீட்டர்."

இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்த பொருளின் அளவைத் திரையில் காட்டும் டிஜிட்டல் கேலிப்பரைத்தான் அந்தப் பட்டறையில் வெர்னியர் என்பார்கள்.

"இப்ப என்ன செய்யலாம்ங்கறீங்க?"

"என்னோடதை அவன் நம்ப மாட்டான். அவனும் நம்பறாப்ல, நியாயமான விலைல நல்ல வெர்னியர் எதுன்னு நீங்க சொல்லுங்க. வாங்கிட்டு நேரா அந்தப் பையன் முன்னாடி போய் நிக்கறேன். அளந்து காட்டி நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

அவர் அங்கே போய்க் கத்தினால் பட்டறைக்கே இனி வேலை வராது. வசந்தாமணி வண்டிச் சாவியை எடுத்தார்.

"வாங்க, கடைக்குப் போலாம்."

திருமூர்த்தி ஒரு புஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழைய வெர்னியரையும் எடுத்துக்கொண்டார், புதுசும் இதுவும் ஒரே அளவுதான் காட்டும் என்று மேஸ்திரிக்குக் காட்ட வேண்டும் என்று.

முர்துசா பாயின் கருவிக் கடையில் நான்கு வெர்னியர்கள் கண்ணாடிப் பெட்டி மேல் வரிசையாக வந்தன.

"விலைவாரியா வெச்சிருக்கேன்," என்றார் பாய். "இந்தக் கோடியிலிருந்து பாத்தா வயிறு எரியும். அந்தக் கோடியிலிருந்து பாத்தா சந்தேகம் வரும்."

"நீங்களே எடுங்கண்ணா," என்று வசந்தாமணி முக்காலியில் உட்கார்ந்தார்.

திருமூர்த்தி விலை கூடியதை எடுத்துப் புஷ்ஷை அளந்தார். 25.05 என்றது. அதைக் கீழே வைத்தார்.

"இதுவும் அந்தப் பையன் கட்சி."

இரண்டாவதும் 25.05. மூன்றாவதும் 25.05.

"ஏன் பாய், எல்லாத்தையும் ஒரே ஆளுகிட்டத்தான் வாங்குவீங்களா?"

"மூணும் மூணு கம்பெனிங்க. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தைகூட இல்ல."

நான்காவது பிளாஸ்டிக் உடம்புக்காரன். விலை மிகக் குறைவு. அதில் புஷ்ஷை வைத்தார். 25.00.

திருமூர்த்தியின் முகம் காலையிலிருந்து முதல் தடவையாகத் தெளிந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி? இதுதான் யோக்கியமான சாமான். விலையும் நியாயம்."

"இன்னொருக்கா பாருங்க."

இந்த முறை 25.08 என்றது. திருமூர்த்தி கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். 25.00 வந்தது.

"கொஞ்சம் அழுத்திப் பிடிக்கணும். பழகினா வந்துரும்."

"அண்ணா, எனக்கு வியாபாரம் வேணும்தான்," என்றார் பாய். "ஆனா அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க புராஜெக்ட்டுக்கு வாங்கறது."

"நீங்க சும்மா இருங்க பாய். விலை கூடினதை என் தலையில கட்டப் பாக்கறீங்க."

வசந்தாமணி எழுந்து வந்தார்.

"அண்ணா, நீங்க வெர்னியரைச் சோதிச்சீங்களா, புஷ்ஷைச் சோதிச்சீங்களா?"

"வெர்னியரைத்தான். புஷ்ஷு சரின்னு எனக்குத்தான் தெரியுமே."

வசந்தாமணி பாயிடம் இருபத்தைந்து மில்லிமீட்டர் அளவுக் கட்டையைக் கேட்டார். மற்றக் கருவிகளைச் சோதிப்பதற்காகவே கண்ணாடிபோல் தேய்த்து வைத்த எஃகுத் துண்டு அது. முதல் மூன்று வெர்னியர்களும் அதை 25.00 என்றன. பிளாஸ்டிக்காரன் 24.95 என்றான். அழுத்தினால் இன்னும் இறங்கினான்.

திருமூர்த்திக்குக் கோபம் ஆறவில்லை, திசைதான் மாறியது.

"அப்ப என் வெர்னியரை வித்தவன்தான் திருடன். நாற்பதுக்கும் பொய் சொல்லியிருக்கு இந்த எழவு. என் பேர் போச்சு."

"அதைக் கொண்டாங்க. மொதல்ல மூடிக் காட்டுங்க."

திருமூர்த்தி பழைய வெர்னியரின் இரண்டு தாடைகளையும் சேர்த்து மூடினார். திரையில் 0.05 என்று வந்தது. அவருடைய கட்டைவிரல் தானாகப் போய் ஜீரோ பட்டனை அழுத்தியது.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஜீரோ வெச்சேன்."

"எதுக்கு?"

"மூடினா ஜீரோ காட்டணுமில்லீங்களா? இது காட்டாது. மட்டமான சாமான். தினமும் மெஷினுக்கு ஊதுபத்தி காட்டின கையோட நான்தான் இதையும் சரிபண்ணி வெச்சு வேலை வாங்கறேன்."

வசந்தாமணி மூடிய வெர்னியரை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். தாடைகள் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. உள்ளே நெடுக ஒரு கீற்று வெளிச்சம், அதுதான் அந்த 0.05. நுனியில் பிசிறு ஒன்று மின்னியது.

திருமூர்த்தி அதைப் பார்த்தார். தகட்டில் குறி போட வேண்டியபோதெல்லாம் அந்த நுனியால்தான் அவர் கோடு கிழிப்பார். கோடு கிழிக்கும் ஊசியைத் தேடி எடுக்க யாருக்குப் பொறுமை?

பாய் எண்ணெய்க் கல் ஒன்றைத் தள்ளினார். வசந்தாமணி பிசிறை மெல்லத் தேய்த்தெடுத்துத் துடைத்தார். மறுபடி மூடி வெளிச்சத்தில் பிடித்தார். கீற்று இல்லை. அதன் பிறகே ஜீரோ வைத்தார். திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். ஜீரோ அசையவில்லை. கட்டையை வைத்தார், 25.00. புஷ்ஷை வைத்தார்.

25.05.

"என் வியாபாரம் போச்சு," என்றார் பாய். "கோடு கிழிக்கற ஊசியாவது வாங்கிக்குங்கண்ணா."

திருமூர்த்தி புஷ்ஷைக் கையில் எடுத்து உருட்டினார். நாற்பதும் கூடுதல்தான். குறைந்திருந்தால் பழைய இரும்புக்குத்தான் போகும். கூடியிருப்பதால் சீவ இடம் இருக்கிறது.

"ராத்திரிக்குள்ள சீவிரலாமா மேஸ்திரி?"

"சாயங்காலத்துக்குள்ளயே முடியும்."

அவர் ஊசியை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். இறங்கியும் மனசு அடங்கவில்லை. நின்று திரும்பினார்.

"எல்லாம் சரி மேஸ்திரி. ஆனா இத்தனை நாள் என் கையிலயே இருந்துதே. ஒரு நாளாவது இது என்கிட்டச் சொல்லியிருக்க வேண்டாமா?"

வசந்தாமணி வண்டிச் சாவியைத் திருகினார்.

"தினமும் காலைல மொத வார்த்தையா அதைத்தாங்ணா சொல்லிட்டிருந்துச்சு. நீங்க பட்டனை அழுத்தற வரைக்கும்."