உள்ளே போன ஏற்பிகள்

தளவாய் சாருக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே, போன வருஷம்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தார். வழிகாட்டி டாக்டர் மெஹருன்னிஸா, ஒரு காலத்தில் அவரிடமே படித்தவர். சார் அவரை "மேடம்" என்பார், மேடம் இவரை "சார்" என்பார். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற எனக்கு அது எப்போதும் வேடிக்கைதான்.

சாருடைய வேலை, தட்டில் வளரும் தோல் செல்களுக்கு வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தைக் கொடுப்பது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் அது போய் ஒட்டும். 'பெருகு' என்கிற சேதி உள்ளே போகும். முதல் நாள் செல்கள் சொன்னபடி கேட்டன. மறுநாள் கொஞ்சம் மந்தம். சார் அளவைக் கூட்டினார். அப்புறம் மணிக்கொரு தரம் விட்டார். அவ்வளவுதான், எல்லாம் மண்ணு மாதிரி கிடந்தன.

மனுஷனுக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை. சென்னையில் மருத்துவம் படிக்கும் மகள் வடிவு, தீபாவளியிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் பேசுகிறாள், அவரிடம் மட்டும் இல்லை. சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று என்னிடமே ஒருதரம் புலம்பினார்.

மூன்றாவது தட்டும் வீணானதும் மேடத்திடம் போய், புரதம் கெட்டுப்போய்விட்டது, வேறு வாங்க வேண்டும் என்றார். மேடம் அதே குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து, இதுவரை எதுவும் விடாத ஒரு தட்டில் விட்டார். மறுநாள் அந்தச் செல்கள் ஜோராகப் பெருகியிருந்தன.

பிறகு சாருடைய தட்டு ஒன்றை, ஏற்பிகள் பச்சையாக ஒளிரும்படி சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். சார் வெகுநேரம் பார்த்தார்.

"மேலே ஒண்ணுமே இல்லையே, மேடம்."

"உள்ளே இழுத்துக்கிச்சு. ஓயாம சேதி வந்தா அப்படித்தான்."

"நான் என்ன கெட்டதா சொன்னேன்? வளரத்தானே சொன்னேன்."

"அத்தனையும் நல்ல சேதிதான், சார்."

சார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவராகவே ஆரம்பித்தார். விடிகாலை ஐந்துக்கு மகளை எழுப்ப ஒரு போன். மதியம், இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று ஒன்று. சாயங்காலம், எத்தனை பக்கம் படித்தாய் என்று ஒன்று. அவள் எடுக்கவில்லை என்றதும் பத்து, இருபது. புதுசாக இன்னொரு நம்பர் வாங்கி அதிலிருந்தும் அடித்தாராம்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன், மேடம்" என்றார். கண் கலங்கிவிட்டது. நான் சாமான் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது.

மேடம் மீதமிருந்த தட்டுகளை எடுத்தார். காரணி இல்லாத வெறும் வளர்ப்புத் திரவத்தால் மூன்று தரம் அலசினார். அதே திரவத்தைப் புதுசாக ஊற்றி, இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நாளைக் காலை வரை யாரும் திறக்கக் கூடாது, புதுசாக ஏற்பி செய்துகொள்ள அதுகளுக்கு அவகாசம் வேண்டும் என்றார்.

சார் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா விட்டா திரும்ப மேலே வந்துருமா, மேடம்? நிச்சயமா?"

மேடம் கையுறையைக் கழற்றினார்.

"செல்லுக்கு வந்துரும், சார்."