கணினிக் கடலின் விளிம்பு

“கணக்கு இன்னும் முடியல, மேடம்,” என்றான் செலஸ்டின்.

ஒலியியல் பேராசிரியர் மெகருன்னிசா தலை நிமிரவில்லை.

அவனுடைய அண்ணன் புயலில் படகோடு போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்று மாதா கோயில் கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கியில் “கரைக்கு வந்துரு” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டது செலஸ்டின்தான். அந்தக் குரல் படகுவரை போனதா? கூம்பையும் காற்றையும் கடலையும் கணினிக்குள் கட்டி, அன்று பதிவான தன் குரலையே அதில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குரல் எட்டியிருந்தால் அண்ணன் எங்கோ கரையேறியிருப்பான் என்பது அவன் பிடிவாதம். ஆசைக்குக் கணக்கு என்று பெயர் வைத்திருந்தான். அது முடியும்வரை அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைக்க வீட்டாரை விடமாட்டான். அண்ணன் மனைவி, அவன் மைனி, வாய்விட்டு அழவும் முடியாமல் காத்திருந்தாள்.

“ஓட்டிக் காட்டு.”

திரையில் குரல் கூம்பின் வாயைவிட்டு வளையம் வளையமாகக் கடல்மேல் போனது. விளிம்பைத் தொட்டதும் காணாமல் போனது. கிணற்றில் போட்ட கல்தான்.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம். முழுக் கடலுக்கும் கணினியில இடமில்ல. அதனால விளிம்புல சத்தத்தை உறிஞ்சுற பட்டை எழுதியிருக்கேன். உள்ள போனது திரும்பாது.”

“படகு?”

அவன் திரைச் சட்டத்துக்கு வெளியே விரல் காட்டினான்.

“பட்டைக்கு அந்தப் பக்கம்.”

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, பட்டை எழுதியிருந்த வரிகளை அழித்தார்.

“வேண்டாம் மேடம்! விளிம்பு சுவராயிரும். சத்தம் திரும்பி வந்துரும்!”

“வந்தா என்ன?”

அவன் விசைப்பலகையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

அவர் ஓட்டினார்.

வளையங்கள் விளிம்புவரை போயின. நின்றன. திரும்பின.

மேசை ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு வெகு தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“...கரைக்கு வந்துரு...”

செலஸ்டின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“அண்ணன் குரல், மேடம்! அண்ணனேதான்!”

“இருக்கட்டும்,” என்றார் அவர். “யாரைக் கூப்பிடுது? இங்க நிக்கிறது நீதானே?”

குரல் இன்னொரு முறை வந்தது. முன்பைவிட மெலிந்து, கெஞ்சுவதுபோல.

“...வந்துரு...”

அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைபேசியை எடுத்தான்.

“மைனி, பூசைக்குச் சொல்லிருங்க. நான் வீட்டுக்கு வாறேன்.”