தோலைத் தரமறுத்த கறுப்பி

அந்தக் காலத்தில், செடி கொடியெல்லாம் மனிதரோடு சரிக்குச் சரியாக வாயாடிக்கொண்டிருந்தபோது, பிரான்சு தேசத்துக் குன்று ஒன்றின்மேல் ஒக்தாவ் துரையின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே எல்லா ஒயினும் வெள்ளைதான். பழத்தைப் பிழிந்த கையோடு தோலைப் பன்றித் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். சாறு மட்டும் பீப்பாய்க்குப் போகும். துரைக்கு மதியம் வெண்ணெயில் பொரித்த ஆற்று மீன் வேண்டும். பக்கத்தில் எதிர்த்துப் பேசாத ஒயின் வேண்டும். சில ஆண்களுக்கு எல்லாமே அப்படித்தான் வேண்டும்.

பிழிவது, சமைப்பது இரண்டும் செலஸ்தீன் என்ற ஒருத்தியின் தலையில். அறுவடையன்று கடைசி வரிசையிலிருந்த கருந்திராட்சை, கறுப்பி என்று பெயர், அவளிடம் சொன்னாள்: "தோலை எடுத்தால் நான் வரமாட்டேன்."

வெள்ளைத் திராட்சைகள் சிரித்தன. "ஏண்டி, அந்தத் தோலில் என்ன இருக்கு? கறுப்பும் துவர்ப்பும். கழற்றிப் போட்டுட்டு எங்களை மாதிரி வாயேன்."

"அந்தக் கறுப்பும் துவர்ப்பும்தாண்டி நான். மீதி வெறும் சர்க்கரைத் தண்ணி."

செலஸ்தீனுக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி. வாதாடத் தெம்பில்லை. "எக்கேடும் கெட்டுப் போ" என்று தோலும் சாறுமாக ஒரு மரத்தொட்டியில் போட்டு மூடினாள். பொங்கி, நுரைத்து, ஊறி, ரத்தச் சிவப்பாக வெளியே வந்தாள் கறுப்பி.

விருந்து நாளில் அவளை மீனோடு பரிமாறினார்கள். ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். துரையின் முகம் கோணிப்போனது. தட்டிலிருந்த மீனே அலறியது: "ஐயோ, இவளை அப்பால் கொண்டுபோங்க! துருப்பிடித்த ஆணியைக் கடித்த மாதிரி ஆக்கிட்டாளே என்னை!"

"கோடாலியை எடு" என்றார் துரை. "கொடியை வேரோடு வெட்டு. வெட்ட வேண்டாமென்றால் இவள் மன்னிப்புக் கேட்கட்டும். அடுத்த வருஷம் தோலில்லாமல் வரட்டும்."

கோப்பைக்குள் இருந்த கறுப்பிக்குத் தெரியும்: வேர் போனால் வம்சமே போச்சு. ஆனாலும் சொன்னாள்: "எதுக்கு மன்னிப்பு? யார் பக்கத்தில் என்னை உட்காரவைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். வெட்டுவதானால் வெட்டுங்கள். தோல் என்னுடையது."

கோடாலிக்காரன் வாசலைத் தாண்டிவிட்டான். செலஸ்தீன் அடுப்படிக்கு ஓடினாள். வேலையாட்களுக்காகத் தணலில் வெந்துகொண்டிருந்த ஆட்டுத் தொடையை, கொழுப்பு வழிய வழியத் தூக்கிவந்து துரையின் முன் தொப்பென்று வைத்தாள்.

"இது வேலைக்காரர் தீனி" என்றார் துரை.

"ஒரு துண்டு தின்னா உசுரா போயிடும் துரை? வெட்டுறதை அப்புறம் வெட்டிக்கலாம்."

"வாம்மா கறுப்பி" என்றது ஆட்டுத் தொடை. "என் கொழுப்புக்கு ஈடுகொடுக்க இதுவரை ஒருத்தரும் வரலை."

துரை தின்றார், குடித்தார். நாக்கில் படிந்த கொழுப்பைக் கறுப்பியின் துவர்ப்பு வழித்தெடுத்தது. அவளுடைய முரட்டுத்தனம் கொழுப்பில் தணிந்தது. இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார். மூன்றாவது துண்டில்தான், வாய் நிறைய, "அவனைத் திரும்பக் கூப்பிடு" என்றார். பிறகு மெல்ல, "மீனுக்கும் தோதாக, கொஞ்சமே கொஞ்சம் தோலை..."

"நகக்கண் அளவுகூடக் கிடையாது" என்றாள் கறுப்பி.

அந்த மதியத்திலிருந்துதான் சிவப்பு ஒயின் தோலோடு ஊறிப் பிறக்கிறது. முதல் வாயிலேயே நாக்கைப் பிடித்து இழுக்கிறது. கறியோடு கூடிக் குலாவுகிறது. மீனிடம் மட்டும் இன்றுவரை இறங்கிவருவதில்லை.