மைனாவின் ஏழு நாள் வியாபாரப் பாடம்

ஒரு காட்டில் நாவல் மரத்தடியில் தினமும் சந்தை கூடியது. மிருகங்கள் கிழங்கும் பழமும் கொண்டுவந்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும்.

அந்தச் சந்தைக்கு ஒரு மைனா வந்தது. ஓரமாக நின்ற ஒரு மரத்தின் கிளையில் உட்கார்ந்து கூவியது.

"வியாபாரம் தெரியாதவர்களே, வாருங்கள்! ஏழே நாளில் உங்களை வியாபாரி ஆக்குகிறேன்! கட்டணம் ஒரு பொந்து நிறையத் தீனி. இதோ பாருங்கள், நான் சம்பாதித்ததை!"

அந்த மரத்தடியில் கொட்டைகளும் புல்கட்டுகளும் மலைபோல் குவிந்திருந்தன.

கூட்டத்தில் மின்னி என்ற அணில் நின்றது. அதன் குடும்பத்தில் எண்ணக் கற்றுக்கொண்ட முதல் அணில் அதுதான். வியாபாரம் செய்ய அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் வீட்டில் இருந்ததே ஒரு பொந்துத் தீனி! மழைக்காலம் முழுவதும் தம்பி தங்கைகள் அதைத்தான் தின்றாக வேண்டும்.

பக்கத்தில் நின்ற முயல் அதன் தோளை இடித்தது. "என்னடி யோசனை? நான் நேத்தே கொடுத்துச் சேர்ந்துட்டேன். இன்னும் ரெண்டு இடம்தான் இருக்காம்!"

மின்னி வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னது.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், கண்ணு? எண்ணத் தெரிஞ்சவ நீதானே. நீ சொன்னா அள்ளித் தந்துடறேன்" என்றது அம்மா.

முடிவு மின்னியின் தலையில் விழுந்தது. அம்மா "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்!

அது தீனியைத் தொடாமல் சந்தைக்குத் திரும்பியது. கடைகளின் முன்பக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். மின்னி பின்பக்கம் போய்ப் பார்த்தது. விற்காமல் அழுகியதை அவரவர் கடைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் வழக்கம். அங்கே ஒரு முள்ளம்பன்றி மூக்கைச் சுளித்தபடி கிழங்குகளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தது.

"அக்கா, இவ்வளவா வீணாப் போச்சு?"

"ஆமா தங்கச்சி! மழை வரும், கிழங்கு கிடைக்காது, விலை ஏறும்னு நினைச்சுப் பதுக்கி வெச்சேன். வெயில் கொளுத்திடுச்சு, விலை ஏறலை, எல்லாம் அழுகிப் போச்சு. ஆசைக்கு அடி!" என்று சிரித்தது முள்ளம்பன்றி. "இங்கே கடை போட்டவங்க எல்லாருக்கும் ஒரு குழி உண்டு. போய்ப் பாரு."

மின்னி எல்லாக் கடைகளின் பின்னாலும் பார்த்தது. பெரிய வியாபாரியான கரடிக்குத்தான் பெரிய குழி! மைனாவின் மரத்துக்குப் பின்னாலும் போனது. அங்கே புல் முளைத்திருந்தது. ஒரு பிடி மண்கூடக் கிளறப்படவில்லை.

மின்னி கூட்டத்துக்குள் நுழைந்தது. அத்தனை பேர் நடுவில் பேசப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டது.

"ஐயா, உங்க குழி எங்கே?"

"குழியா? எனக்கு நட்டமே வந்ததில்லை!"

"அப்போ உங்க கடை எங்கே? எந்த வாரம், என்ன வித்தீங்க?"

மைனா சிறகைக் கோதியது. "சந்தேகப்படுகிறவர்கள் ஜெயிக்கவே முடியாது! அடுத்தவர் வரலாம்!"

"கடை இல்லாம இந்தக் குவியல் எப்படி வந்தது, ஐயா?"

முயல் குவியலை உற்றுப் பார்த்தது. திடுக்கிட்டுக் கத்தியது. "இது என் புல்கட்டு! இந்த முடிச்சு நான் போட்டது!"

"அது என் புளியங்கொட்டை!" என்றது குரங்கு.

அவ்வளவுதான்! ஆளாளுக்குக் குவியலில் பாய்ந்தார்கள். மைனா பறந்தே போனது.

பெரிய பெரிய மிருகங்களுக்குக் கேட்கத் தோன்றாததை ஒரு சின்ன அணில் பயந்துகொண்டே கேட்டதை எண்ணிச் சந்தையே வியந்தது.

மின்னி நேராக முள்ளம்பன்றியிடம் போனது. "அக்கா, உங்க கடையில உட்கார்ந்து கத்துக்கட்டுமா?"

"சும்மா சொல்லித்தர மாட்டேன்! ஒரு நாளைக்கு ஒரு பிடி நாவல்பழம். லாபம் வரும்னு வாக்கும் தர மாட்டேன். சம்மதமா?"

மின்னி கணக்குப் போட்டது. நாவல் மரத்தில் ஏறினால் ஒரு பிடி பழம் தினமும் கிடைக்கும். பொந்துத் தீனி அப்படியே இருக்கும்.

"சம்மதம், அக்கா!" என்று துள்ளி ஏறியது மரத்தில்.

நீதி: கற்பதற்குக் கூலி கொடுப்பது தவறில்லை, ஆனால் தன் லாபத்தை மட்டும் காட்டி நட்டத்தை மறைப்பவனிடம் கொடுக்கும் கூலி வீண்.