ஐஸ் கம்பெனிக்காரரின் மகள்

தேரிக்காட்டுச் செம்மணலில், சிலுவை நட்ட ஒரு சின்னக் குருசடிக்குப் பின்னால், ஓலைக் குடிசையில் ஒரு துறவி இருந்தார். முப்பத்தைந்து வயதுகூட ஆகாதவர். மடத்தில் இருந்தபோது அவர் பெயர் சிஸ்டர் அகுஸ்தா. மடத்தை விட்டுத் தனியே வந்த பிறகும் கடற்கரைச் சனங்கள் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். சீடர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. ஜெசிந்தா ஒருத்திதான். கான்வென்டில் அவருக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். அவளுக்கு மட்டும் அவர் அக்கா.

சனிக்கிழமைதோறும் வருவாள். முற்றம் பெருக்குவாள். குடத்தில் தண்ணீர் நிறைப்பாள். ஒரு கேள்வி கேட்பாள். பதில் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் விளக்குமாற்றைத் தொடவில்லை. மூன்று வயது மகள் சலேத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். சேலைத் தலைப்பை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தாள். வழியில் பனங்கருக்கு கிழித்துக் கணுக்காலில் ரத்தம் வழிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"கால்ல என்ன ஜெசி?"

"தெரியல."

"பெருக்கலையா இன்னைக்கு?"

"பெருக்கிப் பெருக்கி என்னத்தக் கண்டேன்."

துறவி தானே விளக்குமாற்றை எடுத்தார்.

"அத வைங்க அக்கா. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒருத்தர மறக்காம வச்சுக்கிறது எப்படி?"

துறவி விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

ஜெசிந்தாவின் புருஷன் கஸ்பார் இறந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் பனிமலையில் காவல். இடது காலில் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்தார். பனிக்குப் பயந்து ஓடி வந்தவன் அதையே செய்து விக்கிறான் பாரு என்று துறைமுகத்தில் கேலி பேசினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எத்தனை படகு காத்துக் கிடந்தாலும் பொழுது சாயும்போது வீட்டில் இருப்பார். மகளைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவர்தான். ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமலே ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

ஐஸ் கம்பெனி வேறு ஆளுக்குக் கைமாறியது. அதற்குப் பிறகு ஜெசிந்தாவின் வீட்டுக்குள் ஒரு துண்டு ஐஸ் வந்ததில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் தட்டைக்கூட எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"நீ மறந்துட்டியா?" என்றார் துறவி.

"அவுக குரல் எனக்கு வர மாட்டேங்குது அக்கா. கண்ண மூடினா வாய் அசையுது, சத்தம் இல்ல."

"போன்ல இருக்குமே."

"எடுக்கிறது அவுகதானே. எல்லாப் படத்துலயும் நானும் பிள்ளையும்தான் இளிச்சுக்கிட்டு நிக்கிறோம்." சலேத் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவளையே பார்த்தாள். "என்னை விடுங்க. இவளுக்கு இருக்கணும். வீட்டுல அவுக போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன லைட்டு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். நேத்து இவளாப் போயி அது முன்னால முட்டி போட்டு நிக்கிறா. என்ன பிள்ளேன்னு கேட்டா, 'சாமி'ங்கிறா."

துறவி குழந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு நினைவுப் பூசை. பட்டாளத்துல இருந்தவுக எல்லாரும் வாராக. அத்தனை பேர் முன்னாடி பெத்த அப்பனப் பாத்துச் சாமின்னு கும்பிட்டா, நான் எங்க போயி முட்டிக்க?"

"அதுக்கு என்ன செஞ்ச?"

"சொல்லிக் கொடுத்திருக்கேன். நாம ஞானோபதேசம் படிச்சோமே, அது மாதிரி. கேள்வியும் பதிலுமா. கேட்டுப் பாருங்க."

பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். சீருடையில், நெஞ்சில் பதக்கங்களோடு கஸ்பார். துறவி அதைக் குழந்தைக்குக் காட்டினார்.

"சலேத், இது யாரு?"

"அப்பா."

"பேரு?"

"கஸ்பார்."

"எங்க இருந்தாக?"

"பட்டாளம்."

"பெறகு?"

"ஐஸ் கம்பெனி."

"அவுகளுக்கு யாரைப் பிடிக்கும்?"

"சலேத்த."

ஒரு பதிலும் பிசகவில்லை. ஜெசிந்தாவின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

துறவி எழுந்து குடிசைக்குள் போனார். சுவரில் தொங்கிய பழைய காலண்டரைக் கழற்றி வந்தார். அதில் தாடியும் லில்லிப் பூவுமாகச் சூசையப்பர்.

"இது யாரு?"

"அப்பா."

"பேரு?"

"கஸ்பார்."

"எங்க இருந்தாக?"

"பட்டாளம்."

பதில்கள் முடியும் வரை குழந்தை சொல்லிவிட்டு மறுபடி குழிக்குப் போனாள். ஜெசிந்தா புகைப்படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ அவ்வளவுதானா அக்கா? இவளுக்கும் தெரியாது, எனக்கும் போயிட்டு இருக்கு. அவுக இருந்தாகங்கிறதுக்கு யாரு இருக்கா?"

"அவர்கிட்ட உனக்கு எரிச்சல் வர்ற குணம் ஏதாவது உண்டா?" என்று துறவி கேட்டார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். இப்படிக் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஆமை மாதிரி. பிள்ளை ஓடி ஓடி விழுவா. முட்டி வீங்கிக் கத்துவா. இவுக ஐஸ எடுத்துட்டு வந்து தன் கன்னத்துல வச்சுக்கிட்டு நிப்பாக. சீக்கிரம் வைங்களேன்னு நான் பறப்பேன். 'ஐஸ் சுடும் பிள்ளே, அது எனக்குத் தெரியும்'பாக. அது முனை மழுங்கி, கன்னம் செவந்து போன பெறகுதான் பிள்ளை மேல வைப்பாக."

"இத அவளுக்குச் சொன்னியா?"

"இதையெல்லாமா போய்ச் சொல்லுவாக? பதக்கத்தச் சொன்னேன்."

அப்போது மண்பாதையில் மொபெட் சத்தம் கேட்டது. சுற்று ஊர்களுக்கு மீன் கொண்டுபோகும் மிக்கேல், பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். துறவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு துண்டு ஐஸ் குடுங்கண்ணே."

"நல்லாருக்கு சிஸ்டர். மீன் வாங்க மாட்டீங்க, ஐஸ் மட்டும் வேணும். என்னைப் பாத்தா குச்சி ஐஸ் விக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"நான் எங்க மீனு திங்கிறேன்? அந்தப் பிள்ள கால்ல காயம்."

மிக்கேல் பெட்டியைத் திறந்து துழாவினார். மரத்தடியில் தலையை மூடிக் குனிந்திருந்தவளை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

"இப்ப வர்ற ஐஸ் நாலு ஊரு தாண்டல, தண்ணியா ஓடுது. முன்னால ஒரு மிலிட்டரிக்காரர் நடத்திக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன். அவரு பேரு என்ன... வாயில நிக்குது, வர மாட்டேங்குது."

ஜெசிந்தா அசையவில்லை. துறவியும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"போயிட்டாரு பாவம். அவருகிட்டயும் சண்டை போடுவேன். என்னய்யா உம்ம ஐஸ் இப்படிக் கரையுதுன்னு. 'ஐஸ் கரையத்தான் செய்யும். நீ ஐஸப் பாக்காத, மீனப் பாரு'ம்பாரு. திறந்து பாத்தா மீனு அப்பப் பிடிச்ச மாதிரி கெடக்கும்." ஒரு துண்டை எடுத்துத் துறவியின் கையில் வைத்தார். "பேரு என்னமோ வரும், பட்டாளத்துப் பேரு மாதிரியே இருக்காது. சரி, வாரேன் சிஸ்டர்."

மொபெட் போய்விட்டது. ஜெசிந்தாவின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வருஷம் ஆகல அக்கா. பேரு கூட..."

துறவி குழந்தையைக் கூப்பிட்டார். ஐஸ் துண்டை அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்தார்.

"அம்மா கால்ல ரத்தம் பாரு. போயி வை."

சலேத் அம்மாவிடம் நடந்தாள். காயத்துக்கு முன்னால் வந்து நின்றாள். உடனே வைக்கவில்லை. ஐஸைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிர் தாங்காமல் ஒரு கண் மூடிக்கொண்டது. முழங்கை வழியே தண்ணீர் சொட்டியது. அப்படியே நின்றாள். கன்னம் சிவந்து வந்த பிறகு, குனிந்து, அம்மாவின் கணுக்காலில் மெல்ல வைத்தாள்.

ஜெசிந்தா குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு பிள்ளே இப்படிச் சொல்லிக் கொடுத்தா?"

குழந்தை திருதிருவென்று விழித்தாள்.

"அப்பாவா? அப்பாதானே?" மடியிலிருந்த புகைப்படத்தைத் திருப்பி முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாரு, இந்த அப்பாதானே? நல்லாப் பாரு."

சலேத் நல்லாப் பார்த்தாள். பிறகு நனைந்த இரு கைகளையும் குவித்துக் கும்பிட்டாள்.

"சாமி," என்றாள்.

ஜெசிந்தாவின் கை தாழ்ந்தது. ஐஸ் துண்டு காலிலிருந்து நழுவி மணலில் விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் செம்மண் கறுத்துக்கொண்டே போனது.

"பாத்தீங்களா அக்கா. ஒண்ணும் இல்ல. துளி ஞாபகம் இல்ல."

"இல்ல," என்றார் துறவி. "இனியும் வராது."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மணலில் இப்போது ஈரம் மட்டும் இருந்தது.

"கரைஞ்சு போச்சு அக்கா," என்றாள்.

துறவி குழந்தையைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தார். சிவந்த கன்னம் ஜெசிந்தாவின் கழுத்தில் சில்லென்று பட்டது.

"மீனப் பாரு, ஜெசி."