ஒரே மரத்தில் மூன்று காவல்

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி, ஒரு பெரிய புல்வெளி இருந்தது. அதில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. பிள்ளைகளே, மானின் பாடு லேசுப்பட்டதல்ல. தலை குனிந்தால்தான் புல் கிடைக்கும். குனிந்தால் சிறுத்தை வருவது தெரியாது. அதனால் மான்களுக்கு மூன்று பக்கமும் காவல் இருந்தது.

வடக்கே மாமரத்தில் குரங்கு. கிழக்கே பாறை உச்சியில் மயில். தெற்கே மணல்மேட்டில் ஆள்காட்டிக் குருவி. மேற்கே ஆழமான ஆறு ஓடியதால் அந்தப் பக்கம் பயமில்லை. சிறுத்தையைப் பார்த்தவர் கத்த வேண்டும், மான்கள் ஓட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

காவலுக்குக் கூலி சாப்பாடு. அதைச் சுமந்துபோவது துறுதுறு என்ற அணிலின் வேலை. பெயருக்கு ஏற்ற அணில்! நின்று மூச்சு விட்டதை யாரும் பார்த்ததில்லை. குரங்குக்குப் பழம், மயிலுக்குத் தானியம், ஆள்காட்டிக்குப் புழு. புழுவைத் தூக்கும்போது மட்டும் துறுதுறு மூக்கைச் சுளித்துக்கொள்ளும். வெட்டவெளியில் ஓடும்போது தலைக்கு மேல் பருந்து வேறு வட்டமடிக்கும்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே நன்றியா கிடைக்கும்? புலம்பல்தான் கிடைக்கும்.

"முசுறு எறும்பு கடிச்சே என்னைக் கொன்னுடும்" என்று குரங்கு சொறிந்துகொள்ளும்.

"மத்தியானத்துல இந்தப் பாறையில தோசை சுடலாம்" என்று மயில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கும்.

"பேச ஒரு நாதி இல்லை" என்று ஆள்காட்டி மூக்கால் அழும்.

ஒருநாள் பருந்துக்குப் பயந்து, துறுதுறு ஆற்றங்கரை மருத மரத்தில் தாவி ஏறியது. ஏறிய வேகத்தில் உச்சிக்கே போய்விட்டது. அங்கிருந்து பார்த்தால் வடக்கு, கிழக்கு, தெற்கு, மொத்தப் புல்வெளியும் தெரிந்தது! துறுதுறுவின் வால் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. மனதுக்குள் ஒரு பெரிய திட்டம் உதித்துவிட்டது. அதற்கு அப்போதே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று காவலாளிகளையும் மரத்தடிக்குக் கூப்பிட்டது.

"இனிமே மாமரம் வேண்டாம், பாறை வேண்டாம், மணல்மேடு வேண்டாம்! எல்லாருக்கும் இந்த ஒரே மரம். இது என் கிளை, அது உன் கிளைங்கிற பேச்சே கிடையாது. காலையில வந்ததும் எந்தக் கிளை பிடிச்சிருக்கோ அதுல உட்காருங்க. நிழல் இருக்கு, ஆத்துக் காத்து இருக்கு, பேச்சுத்துணை இருக்கு. எனக்கும் ஒரே நடை!"

"எறும்பு?" என்றது குரங்கு.

"ஒண்ணுகூட இல்லை. நானே தேடிப் பார்த்துட்டேன்."

"எனக்கு மரத்துல உட்கார வராதே" என்று ஆள்காட்டி இழுத்தது.

"உனக்கு அடிமரத்து வேர் இருக்கே, அக்கா! கரை எவ்வளவு உயரம் பாரு. அங்கேயிருந்தே எல்லாம் தெரியும்."

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று துறுதுறு மான் கூட்டத்தின் தலைவியிடம் ஓடியது. தலைவியை எல்லோரும் மானக்கா என்பார்கள். மானக்காவுக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. நாலு காலும் நாலு பக்கம் போகும் வயது. மானக்காவின் உயிரே அதன் மேல்தான். துறுதுறுவைக் கண்டால் அந்தக் குட்டி விழுந்து விழுந்து துரத்தும். துறுதுறுவும் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்.

"காவலை மருத மரத்துக்கு மாத்தப் போறோம் மானக்கா. உங்களுக்குச் சம்மதமா?"

"குரல் கேட்டாப் போதும்மா. எங்கே உட்கார்ந்தா எங்களுக்கென்ன?" என்று மானக்கா குனிந்து மேயத் தொடங்கியது.

மறுநாளே குடிமாற்றம். அடடா, அன்றைக்கு அங்கே இருந்த கொண்டாட்டத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! குரங்கு ஒவ்வொரு கிளையிலும் உட்கார்ந்து பார்த்தது. மயிலின் தோகை குரங்கின் தலைமேல் விழ, குரங்கு அதையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு ஆடியது. ஆள்காட்டிக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. காலி செய்த மாமரத்தைக் கிளிகள் பிடித்துக்கொண்டன, பாறையில் ஓணான் குடியேறியது. துறுதுறுவின் வேலையோ வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. "இப்படி ஒரு யோசனை இத்தனை நாள் ஏன் யாருக்கும் வரலை?" என்று அது தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

காட்டில் இன்னொருவரும் இந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிறுத்தையார்தான்.

சிறுத்தை ஒருநாள் தெற்கே மணல்மேட்டுப் பக்கமாக வந்தது. மருத மரத்திலிருந்து மூன்று குரலும் ஒன்றாகக் கிளம்பின. மான்கள் கிழக்கே ஓடின. சிறுத்தை துரத்தவில்லை. உட்கார்ந்து யோசித்தது.

"நான் வந்தது தெற்கே. என்னை விட்டு ஓடினால் வடக்கே அல்லவா ஓட வேண்டும்? ஏன் கிழக்கே ஓடுகின்றன?" மரத்தைப் பார்த்தது. மான்கள் போன வழியைப் பார்த்தது. "ஓ! இவை என்னை விட்டு ஓடவில்லை. அந்த மரத்தை விட்டு ஓடுகின்றன!"

மறுநாள் காலை சிறுத்தை கிழக்கே ஒரு புதருக்குள் போய்ப் படுத்தது. பதுங்கிப் பதுங்கி முன்னேறவில்லை, ஓடவில்லை. வாலை மட்டும் புதருக்கு மேல் உயர்த்தி ஆட்டியது.

"வால்! வால்!" என்று துறுதுறு அலறியது. குரங்கு கத்தியது, மயில் அகவியது, ஆள்காட்டி வீறிட்டது. மூன்று பேரும் சேர்ந்து கத்தியதில் மரமே அதிர்ந்தது. மான்கள் தலை தூக்கின. மருத மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக அந்தப் புதரை நோக்கிப் பாய்ந்தன!

"அங்கே வேண்டாம்! அந்தப் பக்கம் போகாதீங்க!" துறுதுறு எவ்வளவு கத்தினாலும் குளம்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கத்தக் கத்த அவை இன்னும் வேகமாக ஓடின.

சிறுத்தை எழுந்தது. மானக்காவின் குட்டி முன்னால் இருந்தது. பாய்ந்த சிறுத்தையின் நகம் குட்டியின் தொடையைக் கிழித்தது. அதே நொடியில் மானக்கா குறுக்கே விழுந்து சிறுத்தையை முட்டித் தள்ளியது. சிறுத்தை உருண்டு எழுவதற்குள் கூட்டம் சிதறி ஓடிவிட்டது. குட்டி பிழைத்தது மறுபிறப்பு.

துறுதுறு பருந்தையும் மறந்து புல்வெளியில் ஓடியது. குட்டியின் காலில் ரத்தத்தைக் கண்டதும் அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தொண்டை கிழியக் கத்தினோமே மானக்கா! கேட்கலையா?"

"கேட்டுச்சே. கேட்டுத்தான் ஓடினோம்."

"சிறுத்தை இருந்த பக்கத்துக்கேவா?"

"சிறுத்தை எங்கே இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? குரல் வந்தா அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடுவோம். எங்க அம்மா அப்படித்தான் ஓடினாங்க. நானும் அப்படித்தான்."

துறுதுறு ஆடாமல் அசையாமல் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக நின்றது. இத்தனை நாள் மயில் கத்தியபோது பாறையும் சேர்ந்து 'கிழக்கே, கிழக்கே' என்று சொல்லியிருக்கிறது. மணல்மேடு 'தெற்கே' என்று சொல்லியிருக்கிறது. ஆட்களை மட்டும் மரத்துக்குக் கூட்டிவந்துவிட்டு, பாதிச் சேதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோமே! வெட்கம் அதன் காதுவரை சுட்டது.

ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரம் ஏது? ருசி கண்ட சிறுத்தை நாளைக்கும் வருமே! துறுதுறு மரத்துக்குப் பறந்தது.

"எல்லாரும் கிளம்புங்க! பக்கத்துக்கு ஒருத்தரா போகணும்."

"மறுபடியும் அந்தப் பாறைக்கா? என்னால ஆகாது" என்றது மயில்.

"எறும்புக்கு இரையாக நான் தயாரில்லை" என்றது குரங்கு.

"பாறைக்குப் போங்கன்னு யார் சொன்னா? மாமரம்தான் வேணும்னு யார் கேட்டா? கிழக்கேன்னா கிழக்கே இருக்கிற எந்த மரமும் சரிதான். பக்கத்தைக்கூடத் தினமும் மாத்திக்கலாம். ஒரு பக்கத்துல ரெண்டு பேர் உட்காரக் கூடாது, ஒரு பக்கமும் காலியாக் கிடக்கக் கூடாது. யார் சிறுத்தையைப் பார்த்தாலும் சரி, அது இருக்கிற பக்கத்துக்காரங்கதான் கத்தணும்!"

"அப்போ நம்ம மரம்?" ஆள்காட்டியின் குரல் கம்மியது.

"இங்கே இருக்கும் அக்கா! சாப்பாடு இங்கேதான். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து சாப்பிட்டுப் போங்க. அந்த நேரம் உங்க பக்கத்தை நான் பார்த்துக்கறேன். கத்தவும் கத்துவேன்!" என்று துறுதுறு கத்தியே காட்டியது. மயில் சிரித்துவிட்டது.

விடிந்தது. கிழக்கே போன குரங்கு, நல்ல நிழலாகப் பார்த்து ஒரு வாகை மரத்தில் ஏறிக்கொண்டது. அதன் அடியில்தான் அந்தப் புதர்.

சிறுத்தை வந்தது, படுத்தது. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, வாலை உயர்த்தி ஒய்யாரமாக ஆட்டியது. கண்ணைக்கூட மூடிக்கொண்டது. காலை உணவு தானாக நடந்து வரும்போது கண் எதற்கு?

"கர்ர்ர்! கக்! கக்!" உச்சந்தலைக்கு நேர் மேலே குரங்கு வெடித்தது.

குளம்புச் சத்தம் எழுந்தது. சிறுத்தை நகங்களை விரித்தது. சத்தம் கேட்டது... தேய்ந்தது... இன்னும் தேய்ந்தது.

மருத மரத்தில் துறுதுறு கிளை நுனிக்கு ஓடி எட்டிப் பார்த்தது. புழுதி கிழக்கே போகிறதா? இல்லை! மேற்கே வருகிறது! மானக்கா வருகிறது, கூட்டம் வருகிறது, நொண்டிக்கொண்டே குட்டியும் வருகிறது!

"வந்துட்டாங்க! நம்ம பக்கம் வந்துட்டாங்க!" துறுதுறு குதித்த குதியில் கால் வழுக்கி, குட்டியின் முதுகிலேயே பொத்தென்று விழுந்தது.

தூரத்தில், புதருக்கு மேல் நின்றிருந்த வால் மெல்லக் கீழே இறங்கியது.

நீதி: ஓர் இடத்தைக் காலி செய்யும் முன், அந்த இடம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.